பன்னிரண்டு இன்ச் போதும்

போன வாரம் கடையிலிருந்து முருகவேல் போன் செய்தான். நான் வேலையை விட்டு நின்ற பிறகு கடை வியாபாரத்தைப் பார்த்துக்கொள்பவன் அவன். ரகசியம் பேசுவதுபோல் பேசினான். எதிரே ஆளை உட்கார வைத்துக்கொண்டு பேசுகிறான் என்று புரிந்தது.

“யக்கா, ஒருத்தரு மரம் அறுக்கற பேட்டரி மிஷினுக்குப் பதினெட்டு இன்ச் பாரு வேணும்னு அடம் புடிச்சிக்கினு இருக்காரு. இன்னா சொல்றது?”

“இன்னா மரம் அறுக்கப் போறாராம்?”

“அத கேக்கலையே.”

“மொதல்ல அத கேளு. அப்புறம் போன் பண்ணு” என்று வைத்துவிட்டேன்.

சாயங்காலம் மறுபடியும் கூப்பிட்டான். வேலியோரத்து முருங்கையும் நாலைந்து வேப்பங்கிளையும்தானாம். பதினாலு இன்ச் பார் மாட்டி வாங்கிக்கொண்டு போனாராம். “இதையெல்லாம் நீங்க எழுதி வெச்சீங்கன்னா எங்களுக்கு ஒதவும் யக்கா” என்றான். எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இன்ச்சுக் கணக்கு ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நினைவுக்கு வந்ததெல்லாம் மனிதர்கள்தான். அவர்களை எழுதுகிறேன்.

நான் எலவனாசூர்கோட்டையில் பிறந்து, கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தவள். வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டினார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் விவசாய மிஷின் விற்கிற கடை ஒன்றில், மருந்தடிக்கும் பம்புக்கு வாஷர் மாற்ற ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். பம்பு, களை வெட்டும் மிஷின், மரம் அறுக்கும் மிஷின் என்று ஒவ்வொன்றாகக் கை பழகியது. அரம் பிடித்துப் பிடித்து விரல் தோல் உரிந்து, காய்த்து, பிறகு உரிவதை நிறுத்திக்கொண்டது. கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான். கடை வாசலில் நின்று “மெக்கானிக் இல்லையாம்மா?” என்று என்னையே பார்த்துக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். “இருக்காரு, உள்ள வாங்க” என்று கூட்டிக்கொண்டு போய், நானே ஸ்பேனரை எடுப்பேன். அவர்கள் முழிப்பதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு ஆனந்தம்.

கடை முதலாளியை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி துடைக்க ஒரு துணி. அந்த மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ‘இல்லை’, ‘முடியாது’ என்ற சொற்களை வாடிக்கையாளரிடம் சொல்லியும் கேட்டதில்லை. ஒருவருக்கு விற்க மனமில்லை என்றால் “நாளைக்கு வாங்க, பார்ப்போம்” என்பார். கேட்டவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுவார். மறுநாள் யாரும் வந்ததில்லை. சரக்கை வைத்துக்கொண்டு ஆளைத் துரத்துகிற வியாபாரி என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி செய்வார்கள்.

மரம் அறுக்கும் மிஷின் விற்பதில் மட்டும் அவருக்கு ஒரு முறை இருந்தது. அதில் யாருக்கும் சலுகை கிடையாது. முதலில், என்ன மரம், யாருடைய மரம் என்று கேட்பார். காட்டு மரம் என்று லேசாக வாசம் வந்தாலும் நாளைக்கு வாங்கதான். அடுத்து, நிற்கிற மரமா, விழுந்து கிடக்கிற மரமா என்பார். கடைசியாக, “மிஷின யாரு புடிக்கப் போறது?” என்பார்.

பிடிக்கப் போகிறவர் வந்திருந்தால், பேட்டரி போடாத மிஷின் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுப்பார். “சும்மா புடிங்க, வெயிட்டு தெரியட்டும்.” ஆள் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து நிற்பார். பாய் உடனே மழையைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். மலையில் பெய்ததா, கோமுகி அணையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, மரவள்ளி போட்டிருக்கிறீர்களா, கரும்பு எப்படி என்று நிறுத்தாமல் பேசுவார். வந்தவரும் மரியாதைக்குப் பதில் சொல்லிக்கொண்டே நிற்பார். பாயின் காது பேச்சில் இருக்கும், கண் பார் நுனியில் இருக்கும். நுனி மெல்ல இறங்க ஆரம்பித்ததும் பேச்சை முடித்துக்கொண்டு, “வசந்தா, இவருக்குப் பதினாலு போடும்மா” என்று உள்ளே இருக்கிற எனக்குக் குரல் கொடுப்பார். வந்தவருக்குக் கடைசிவரை தன்னை எடை போட்டார்கள் என்று தெரியாது.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மிஷினிலிருந்து வாள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான இரும்புக்குத்தான் பார் என்று பெயர். அதன் விளிம்பில் உள்ள பள்ளத்தில் ஓடுவது செயின். செயினில் ஒரு பல் இடது பக்கம் பார்த்திருக்கும், அடுத்தது வலது பக்கம். இப்படி மாறி மாறி இருப்பதால்தான் வெட்டு நேராக இறங்குகிறது. எந்த மரத்தை அடிக்கடி அறுப்போமோ, அதன் தடிமனைவிட இரண்டு மூன்று விரல்கடை நீளமாக பார் இருந்தால் போதும். எப்போதாவது பெரிய மரம் வந்தால் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி அறுத்துக்கொள்ளலாம். இதைச் சொன்னால் ஆண்பிள்ளைகள் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மீசை எவ்வளவு நீளமோ, பாரும் அவ்வளவு நீளம் வேண்டும் அவர்களுக்கு.

பேட்டரி மிஷின் வந்த புதிதில் பாய்க்கே அதில் நம்பிக்கை இல்லை. “இன்னாம்மா, தையல் மிஷின் மாதிரி இருக்குது. இது மரத்த அறுக்குமா?” என்றார். பெட்ரோல் மிஷின் என்றால் கயிற்றைச் சுண்டி இழுக்க வேண்டும், புகை வரும், தெருவே திரும்பிப் பார்க்கும். இதில் பித்தானை அமுக்கினால் ஓடும், விட்டால் நிற்கும். வாங்க வந்தவர்களுக்கு அந்த அமைதி பெரிய ஏமாற்றமாக இருந்தது. நான் மட்டும் முதல் நாளே அதன்மேல் ஆசை வைத்துவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் காதில் இரைச்சல் இல்லை, புடவையில் பெட்ரோல் நாற்றம் இல்லை.

ஆனால் பேட்டரிக்காரனுக்குப் பலம் கம்மி. நீளமான பாரை மாட்டினால் அவ்வளவு செயினையும் இழுக்கவே பாதிச் சக்தி போய்விடும், மரத்துக்கு மிச்சம் இருக்காது. பன்னிரண்டு, பதினாலு அவனுக்கு வசதி. மிஷின் பெரியதாக இருந்தால் பதினாறு. செயினும் ஒல்லியாக இருக்க வேண்டும். வெட்டுத் தடம் எவ்வளவு குறுகலோ, பேட்டரி அவ்வளவு நேரம் தாங்கும்.

ரிஷிவந்தியம் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் வந்தார். பங்காளி வீட்டில் பதினாறு இன்ச் வாங்கியிருக்கிறார்களாம், இவருக்குப் பதினெட்டு வேண்டுமாம். பேட்டரியில்தான் வேண்டுமாம். பாய் மழையெல்லாம் பேசிப் பார்த்துவிட்டு, நாளைக்கு வாங்க என்றார். அவர் கோபித்துக்கொண்டு போய் வேறெங்கோ மிஷினை வாங்கி, யாரையோ பிடித்துப் பதினெட்டு இன்ச் பாரையும் மாட்டிக்கொண்டார். கொஞ்ச நாள் கழித்து எங்கள் கடை வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. டிப்பரில் ஒரு புளியமரத் துண்டு. துண்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பார், அதன் முனையில் பேட்டரி செத்துப்போன மிஷின். மரத்தோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் மனிதர்.

“எப்பிடியாவது எடுத்துக் குடும்மா. பங்காளிக்குத் தெரியறதுக்குள்ள எடுத்துரணும்” என்றார்.

ஆப்பு வைத்து விரித்து எடுத்துக் கொடுத்தேன். சிரிக்காமல் செய்தேன் என்று சொன்னால் பொய். பாய் மட்டும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் அவருக்கு டீ வரவழைத்தார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பமே எங்கள் கடைக்கு வாடிக்கை ஆகிவிட்டது, பங்காளி உட்பட.

செயினில் பல்லின் மூலை கூர்மையாக இருந்தால் சவுக்கு, தைலமரம் மாதிரி சுத்தமான கட்டையில் வெண்ணெயாக இறங்கும். ஆனால் மண் பட்டால் மூலை உடனே மழுங்கிவிடும். காய்ந்த புளி, வேலிக்காத்தான், தரையில் கிடந்து புழுதி ஏறிய கட்டை இதற்கெல்லாம் மூலை உருண்ட பல்தான் தாக்குப்பிடிக்கும். இன்னொரு வகையில் பல்லுக்கு நடுவே சின்னச் சின்னத் திமில் வைத்திருப்பார்கள். பார் மூக்கு எதிலாவது இடித்தால் மிஷின் மாடு மாதிரி முகத்தைப் பார்த்து உதைக்கும். அந்த உதையை இந்தத் திமில் குறைக்கும். வேகமும் கொஞ்சம் குறையும். அதனால் யாரும் விரும்பி வாங்க மாட்டார்கள். “கொழந்தைங்க செயினு” என்று கேலி வேறு. நான் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவேன். வாங்கித் தொலைய வேண்டியதுதானே என்று எனக்குக் கோபமாக வரும்.

இதெல்லாம் இவ்வளவு நேரம் சொன்னது மல்லிகாவைப் பற்றிச் சொல்வதற்காகத்தான்.

மலைமேல் கரியாலூருக்கு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு சிற்றூரிலிருந்து அவளும் அவள் வீட்டுக்காரர் சடையனும் ஒரு நாள் மத்தியானம் கடைக்கு வந்தார்கள். சடையன் நல்ல மரவேலைக்காரர். மலையில் பட்டா நிலங்களில் சாய்ந்த மரம், காய்ந்த பலா, வழியை அடைத்த கிளை என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். மரத்திலிருந்து விழுந்து வலது கை முறிந்து, எலும்பு கூடியும் பிடிமானம் திரும்பவில்லை. பெட்ரோல் மிஷின் கயிற்றைச் சுண்ட முடியவில்லை. வேலை நின்றுபோய், மல்லிகா கிழங்கு பிடுங்கும் கூலிக்குப் போய்க் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். கயிறே இல்லாத மிஷின் வந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, இரண்டு பேரும் மலையிறங்கி வந்திருந்தார்கள்.

“ஏற மாட்டேங்க. தரையில நின்னு அறுக்கறதுதான். பித்தான் அமுக்கறதுக்குக் கை போதும்ங்க” என்றார் சடையன். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

பாய் மிஷினைக் கொடுத்தார். மழையைப் பற்றி ஆரம்பித்தார். இரண்டாவது கேள்விக்கே பார் நுனி ஆடியது. சடையன் இடது கையில் பாரத்தை வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, மலையில் மழை நன்றாகப் பெய்ததாகச் சொன்னார். நெற்றியில் வேர்வை நின்றது. பின்னால் மல்லிகாவின் கைகள், அவளை அறியாமலே, காற்றில் எதையோ தாங்குவதுபோல் முன்னால் வந்திருந்தன. பாய் மிஷினை மெல்ல வாங்கி மேசைமேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நாளைக்கு வாங்க, பார்ப்போம்” என்றார்.

“சரிங்க” என்று கும்பிட்டுவிட்டு இருவரும் போனார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாயும் அன்றைக்குச் சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

மறுநாள் நான் கடைக்குப் போகும்போது இருவரும் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்கள். கச்சிராயபாளையத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தார்களாம். நாளைக்கு வரச் சொன்னார்கள், வந்துவிட்டார்கள். அவர்கள் ஊரில் ஒருவர் வரச் சொன்னால் அது வரச் சொன்னதுதான்.

பாய் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் மறுநாள் வந்து நின்ற முதல் ஆட்கள் இவர்கள். அவர் முகம் அப்படிச் சிறுத்து நான் பார்த்ததில்லை. சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, தானே போய் இரண்டு நாற்காலி எடுத்துப் போட்டார்.

“சடையா, நேத்து நான் ஒடச்சி சொல்லியிருக்கணும். தப்பு என்மேல. இந்தக் கைய வெச்சிக்கினு மிஷின புடிக்க முடியாதுப்பா. ஒரு கையில தாங்கினா, ஒரு ஒத ஒதச்சா, கழுத்துக்கு வரும். நான் குடுக்க மாட்டேன்” என்றார். பாய் வாயிலிருந்து ‘மாட்டேன்’ என்று நான் கேட்டது அன்றுதான்.

சடையன் வலது கையை இடது கையால் தடவிக்கொண்டே தரையைப் பார்த்தார். எனக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தது. என் எரிச்சல் மல்லிகா பக்கம் திரும்பியது. நேற்று அந்தக் கைகள் முன்னால் வந்ததைப் பார்த்தவள் நான்.

“நீ இன்னா பேசாம நின்னுக்கினு இருக்கற? ஒனக்கு ரெண்டு கையும் நல்லாத்தான இருக்குது?” என்றேன்.

அவள் புருஷனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவர் தலையை நிமிர்த்தாமலே, “நீ புடிச்சிப் பாரு” என்றார்.

மல்லிகா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மிஷினைத் தூக்கினாள். கிழங்கு பிடுங்கின கை. பாய் மழையைப் பற்றிப் பேசினார், அணையைப் பற்றிப் பேசினார், பேச்சு தீர்ந்து பேரப்பிள்ளைகளைப் பற்றிக்கூடப் பேசினார். நுனி இறங்கவில்லை.

பார் எத்தனை இன்ச் என்பதில்தான் தகராறு வந்தது. சடையன் பதினாறு கேட்டார். பலா மரம் அடி பெருசு என்றார். பாய் பதினாலு என்றார். நான் பன்னிரண்டு என்றேன், திமில் வைத்த செயின் என்றேன்.

“பன்னெண்டா? கத்தி மாதிரி இருக்குது யக்கா. நாலு பேரு சிரிப்பாங்க” என்றார் சடையன்.

“சிரிக்கறவன கூப்புட்டு அறுக்கச் சொல்லு. சரிவுல நின்னு அறுக்கப் போறா. நீட்டமா இருந்தா மூக்கு எங்க இடிக்குதுன்னு கண்ணுக்குத் தெரியாது. மொதல் வருசம் பன்னெண்டுதான். கை பழகட்டும், அப்புறம் பேசலாம்.”

பாய் என்னைப் பார்த்தார். “வசந்தா சொன்னா சரி” என்று எழுந்துவிட்டார். அந்த மூன்று வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறையும்.

அன்று பூராவும் மல்லிகாவை உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தேன். செயினை எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது, எவ்வளவு இறுக்குவது, ஆயில் எங்கே ஊற்றுவது, சரிவில் கட்டைக்கு மேல்பக்கம்தான் நிற்க வேண்டும் என்பது, எல்லாம். கற்பூரமாகப் பிடித்துக்கொண்டாள். உருட்டு அரத்தை எடுத்துப் பல் தீட்டக் காட்டப் போனபோது மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அத அவருக்குக் காட்டுங்க யக்கா. அந்த வேலைய அவரு செய்யட்டும்.”

சடையனுக்கு அரம் புதிது இல்லை. இருந்தாலும் பக்கத்தில் வந்து குனிந்து உட்கார்ந்து, புதிதாகக் கேட்பவர்போல் கேட்டுக்கொண்டார்.

மழை முடிந்து பனி ஆரம்பித்த சமயத்தில் மல்லிகா தனியாக வந்தாள். உடம்பு தேறியிருந்தது. நல்ல வேலை வருகிறதாம். அருவி பார்க்க வருகிறவர்கள் தங்கும் வீடுகளில்கூட மரம் கழிக்கக் கூப்பிடுகிறார்களாம். எல்லாம் சொல்லிவிட்டு, பையிலிருந்து மிஷினை எடுத்து வைத்தாள்.

“வெட்டு நேரா எறங்க மாட்டேங்குது யக்கா. வளஞ்சி வளஞ்சி போவுது. பாரு கெட்டுப்போச்சா பாருங்க.”

பாரைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. செயினைக் கையில் எடுத்ததும் விரலுக்கே தெரிந்துவிட்டது. ஒரு பக்கத்துப் பல்லெல்லாம் கத்திபோல் தீட்டித் தேய்ந்து குட்டையாக இருந்தன. மறுபக்கத்துப் பல்லெல்லாம் நெட்டையாக, மழுங்கலாக நின்றன. தீட்டியவர் மிஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்தைவிட்டு நகராமல் தீட்டியிருக்கிறார். இடது கைக்கு வாகான பக்கம் நன்றாக விழுந்திருக்கிறது. மறுபக்கத்துக்கு வலது கையை மாற்றியிருக்கிறார். அந்தக் கையால் அரத்தை அழுத்த முடியவில்லை. ஒவ்வொரு பல்லிலும் வழுக்கி வழுக்கிப் போன கீறல்கள். விடாமல் முயன்றிருக்கிறார் என்று அந்தக் கீறல்களே சொல்லின.

“தெனமும் தீட்டறாராம்மா?”

“தெனமும் தீட்டிட்டுதான் சாப்புடுவாரு.”

நான் அரத்தை எடுத்தேன். நெட்டைப் பல்லையெல்லாம் குட்டைக்குச் சமமாக இறக்கிவிட எனக்கு அதிக நேரம் ஆகாது. மல்லிகா செயின்மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள்.

“வேணாம் யக்கா. நீங்க சரி பண்ணிட்டீங்கன்னா, இன்னிக்கு ராத்திரி எடுத்துப் பார்த்ததுமே அவருக்குத் தெரிஞ்சிடும். இந்த ஒரு வேலதான் அவருகிட்ட இருக்குது.”

“அப்புறம் எதுக்குடி எடுத்துக்கினு வந்த?”

“பாருல கொறன்னா மாத்திக்கலாம்னு வந்தேன். செயின்னு தெரிஞ்சா எடுத்துக்கினே வந்திருக்க மாட்டேன். நான் கொஞ்சம் சாய்ச்சிப் புடிச்சிக்கிறேன் யக்கா. இத்தன நாளும் அப்பிடித்தான் புடிக்கிறேன்.”

எனக்கு வந்த கோபத்தில் அரத்தை மேசைமேல் போட்டேன். சரிவில் நின்றுகொண்டு, வளைந்து போகிற வெட்டை இழுத்துப் பிடித்து அறுக்கிறாள். கட்டை நினைத்த பக்கம் சாயாமல் மறுபக்கம் சாய்ந்தால் அவள் கால்மேல்தான் விழும். “புருசன் மனசு நோவக்கூடாதுன்னு கால ஒடச்சிக்குவியா? அப்புறம் ரெண்டு பேருக்கும் யாரு சோறு போடுவா?” என்று சத்தம் போட்டுவிட்டேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், செயினிலிருந்து மட்டும் கையை எடுக்கவில்லை.

சத்தம் போட்டு என்ன ஆகப்போகிறது? அவள் சொன்னதும் பொய்யில்லை. என் வீட்டுக்காரர் கடைசிக் காலத்தில் வண்டி ஓட்ட முடியாமல் வீட்டோடு இருந்தபோது, தினமும் என் சைக்கிளுக்குக் காற்றடித்து வைப்பார். காற்று நிறைய இருந்தாலும் நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஆனால் காற்று கூடினால் யாருக்கும் கால் போகாது.

போனை எடுத்து சடையனைக் கூப்பிட்டேன். மல்லிகா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். நான் அவளைப் பார்க்காமல் பேசினேன். கடை இரைச்சலில் காது கேட்காது என்று எங்கள் போனில் எப்போதும் ஸ்பீக்கர்தான். அவர் பேசுவதும் அவளுக்குக் கேட்டது.

“சடையா, வசந்தா பேசறேன். செயின பார்த்தேன். ஒரு பக்கம் நெட்டையா நிக்குது. மடியில வெச்சித் தீட்டாத. ஒரு கட்டையில பள்ளமா வெட்டு எறக்கி, பார அதுல சொருகி ஆடாம நிக்க வை. எடது கையாலயே ஒரு பக்கத்த முடிச்சிட்டு, எழுந்து அந்தப் பக்கம் போய் ஒக்காந்து, அதே எடது கையால மறுபக்கத்தையும் தீட்டு. ரெண்டும் ஒண்ணா வரும். சமமா வர்ற வரைக்கும் அவள அறுக்க உடாத.”

சடையன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“அவ சொன்னாளா யக்கா?”

“அவ பாரத்தான் பார்க்கச் சொன்னா. பல்லப் பார்த்தா எனக்குத் தெரியாதா?”

“எனக்கும் சந்தேகமாத்தான் இருந்திச்சி யக்கா. எதனா ஆயிடுமோன்னு தெனமும் பயந்துக்கினுதான் அனுப்பறேன். கேட்டா நல்லா அறுக்குதுன்னே சொல்றா. அவகிட்ட சொல்லாதீங்க. என் தீட்டலு சரியில்லன்னு தெரிஞ்சா மிஷின தொடவே பயந்துக்குவா. நானே சரி பண்ணிர்றேன்.”

மல்லிகா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கையில் வழிந்தது.

“சொல்லலப்பா” என்று போனை வைத்தேன். செயினை அரம் படாமல் அப்படியே மாட்டி, மிஷினைப் பையில் வைத்து அவளிடம் கொடுத்தேன். அவரே எடுத்துக் கொடுக்கிறவரைக்கும் தொடமாட்டேன் என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏற விட்டேன்.

புளி உலுக்கும் சமயத்தில் மறுபடியும் வந்தாள். மிஷினை மேசைமேல் வைத்துவிட்டு, பரீட்சை எழுதின பிள்ளைபோல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். செயினைக் கழற்றி விரலால் ஒரு சுற்று தடவினேன். இடது பல்லும் வலது பல்லும் ஒரே உயரம், ஒரே சாய்வு. கீறல் ஒன்றுகூட இல்லை. அரம் போடுகிற எனக்கே பொறாமை வரும்படி இருந்தது. அளவுகோலை வைத்து அவள் கண்முன்னாலேயே இரண்டு பக்கமும் அளந்து காட்டினேன்.

அவள் செயினைக் கையில் வாங்கி, என் மாதிரியே விரலால் ஒரு சுற்று தடவினாள்.

“இனிமே நேரா புடிக்கலாமா யக்கா?” என்றாள்.

“புடி” என்றேன்.